டீப் பர்ப்பிளைக் காதால் பிரித்தறிவது எப்படி

1983-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, ஒலிப்பதிவுக் கடை ஒன்றில் 20 ரூபாய் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் இங்கிலாந்து ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் பாடல்களைப் பதிந்து வாங்கினேன். கடைக்காரர் அட்டையில் பச்சை மையால் குழுவின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, கையில் கிடைத்த பாடல்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டார். முதலில் ‘ஹைவே ஸ்டார்’, அடுத்து ‘பர்ன்’, அதற்கும் அடுத்து ‘ஹஷ்’. மூன்றையும் பாடுவது ஒரே ஆள் என்று ஓராண்டுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று அறைத்தோழனிடம் சொல்லியும் இருக்கிறேன். உண்மையில் அவர்கள் நான்கு பேர், ‘பர்ன்’ பாட்டிலேயே இருவர்.

போன மாதம் என் அண்ணன் மகள் அதே சேற்றில் கால் வைத்தாள். கைபேசியில் ஏழெட்டுப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, “சித்தப்பா, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள் நிற்கிறார்கள். இதில் யார்தான் டீப் பர்ப்பிள்?” என்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு பென்சில், காதை முழுவதும் மூடும் ஹெட்போன், நான்கைந்து மாலைப்பொழுதுகள் இருந்தால் போதும்.

நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். குரல், கிட்டார், ஆர்கன், பேஸ் கிட்டார், டிரம்ஸ். டிரம்ஸ் கட்டத்தில் இப்போதே பேனாவால் இயன் பெய்ஸ் என்று எழுதி மூடிவிடலாம். 1968-இல் குழு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. ஆர்கன் கட்டத்தில் இரண்டே பெயர்கள், பேஸில் மூன்று, கிட்டாரில் நான்கு, குரலில் நான்கு. பெய்ஸையும் சேர்த்தால் பதினான்கு பேர். அரை நூற்றாண்டைத் தாண்டிய ஒரு குழுவுக்கு இது பயப்படும் கணக்கே இல்லை. எங்கள் தெருவில் பால் போட வந்தவர்களே இதைவிட அதிகம்.

ஆட்கள் மாறும்போதெல்லாம் அமைந்த ஐவர் அணிகளை ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். நம் ஊரில் அம்பாசடர் கார் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று வந்ததே, அதே கணக்குதான். இந்த எண்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நான் முதலில் அந்தத் தவறைத்தான் செய்தேன். பட்டியல் வாயில் நின்றது, காதில் நிற்கவில்லை.

முதல் பயிற்சிக்கு எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ போதும். 1972-இல் வந்த ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் இருக்கும் ஸ்டூடியோ பதிவைக் கேளுங்கள். அந்தப் பாட்டு ஐந்து நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துகிறது. முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக வருகிறது. அந்த நான்கு துண்டுச் சொற்றொடரை அவர் இரண்டிரண்டு தந்திகளாக விரல்களால் கிள்ளி வாசிக்கிறார். கிட்டார் கற்கப் போகிற ஒவ்வொரு பையனும் அதைப் பிளெக்ட்ரத்தால் (தந்தி மீட்டும் சின்னத் தகட்டால்) அடிப்பதால்தான் அதே சுரங்கள் வந்தும் அதே ஒலி வருவதில்லை. பிறகு பெய்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு) டிக்டிக்கென்று சேர, கூடவே ஜான் லார்டின் ஆர்கன் உறுமிக்கொண்டு வருகிறது. அது ஆர்கன் என்றே பலருக்குத் தெரியாது, இரண்டாவது கிட்டார் என்று நினைப்பார்கள். ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனை அதற்கென்றே உள்ள சுழலும் ஒலிபெருக்கியில் விடாமல், கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து அந்தக் கரகரப்பை உண்டாக்கினார் லார்ட். அடுத்து முழு டிரம்ஸ். அப்புறம் ராஜர் குளோவரின் பேஸ். கடைசியில்தான் இயன் கில்லன் வாயைத் திறக்கிறார். பத்து முறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு பாட்டின் கடைசிவரை போங்கள். இந்த ஐவர்தான் மார்க் 2.

அந்தப் பாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1971 டிசம்பரில் அவர்கள் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகருக்கு வந்தது, அங்கிருந்த கேசினோவின் அரங்கில் ஆல்பத்தைப் பதிவு செய்ய. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்தபோது, கூட்டத்தில் யாரோ ஒருவன் தீச்சுடர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டுவிட்டான். கட்டடம் முழுவதும் எரிந்துபோயிற்று. மோந்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளோட் நோப்ஸ் ஓடி ஓடி ஆட்களை வெளியேற்றினார். புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்தது. அந்தக் காட்சிதான் தலைப்பாயிற்று. தலைப்பு, தூக்கத்திலிருந்து விழித்த குளோவரின் வாயில் வந்தது.

அடுத்து ஒரு பழைய அரங்கத்துக்குப் போனார்கள். அங்கே இந்தப் பாட்டின் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே, சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் சொல்லி போலீஸ் வந்துவிட்டது. கடைசியில், குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சுவரோடு சாத்தி ஒலியை அடக்கி வேலையை முடித்தார்கள். பதிந்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி லாரிவரை நடக்க வேண்டும். சலித்துப்போய், நன்றாக வந்திருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்களாம். ‘மெஷின் ஹெட்’டில் இருக்கும் அந்தப் பச்சைத்தன்மையில் இந்தச் சோம்பலுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. ஆல்பத்திலிருந்து தனி இசைத்தட்டாக வெளியிட, அதாவது முதல் சிங்கிளாக, அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. அதை இன்று யார் முணுமுணுக்கிறார்கள்?

இரண்டாவது மாலைக்கு ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகளில் பதிவான நேரடிக் கச்சேரி. இதற்குத்தான் ஹெட்போன் வேண்டும் என்றேன். ஒரு காதில் ஆர்கன், மறு காதில் கிட்டார், இரண்டும் சண்டை போடுகின்றன. ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ பாட்டில் பிளாக்மோர் ஒரு சொற்றொடரை வாசிக்க, கில்லன் அதைக் குரலால் திருப்பித் தருகிறார். கச்சேரியில் பாடகரை வயலின்காரர் நிழல்போலத் தொடர்வாரே, அதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ‘தி மியூல்’ பாட்டின் பெரும்பகுதி பெய்ஸின் தனி ஆவர்த்தனம். அவர் இடதுகைக்காரர். ‘சைல்டு இன் டைம்’ பாட்டில் கில்லன் படிப்படியாக ஏறி உச்சத்தில் அலறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் அந்த அலறல் எங்கே கேட்டாலும் குரல் கட்டத்தில் கில்லன் என்று எழுதிவிடலாம். அந்தப் பாட்டின் ஆர்கன் மெட்டு அவர்கள் சொந்தச் சரக்கு இல்லை. கலிபோர்னியாவின் ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ குழு வாசித்த ‘பாம்பே காலிங்’ என்ற துண்டிலிருந்து எடுத்தது. பதிலுக்கு அந்தக் குழுவும் டீப் பர்ப்பிளின் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டது. கடன் தீர்ந்தது.

இங்கே எல்லோரும் சொல்வது, அடுத்து பின்னால் போய் மார்க் 1 கேளுங்கள் என்று. நான் முன்னால் போகச் சொல்வேன். 1973 ஜூன் இறுதியில் ஒசாகாவில் ஒரு கச்சேரி முடிந்ததும் கில்லன் விலகினார், குளோவரும் போனார். கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் ஆகிய மூன்றும் அப்படியே இருக்க, குரலும் பேஸும் மட்டும் மாறின. ஒரு சமையலில் இரண்டு பொருளை மட்டும் மாற்றி ருசி பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 1974-இல் வந்த ‘பர்ன்’ பாட்டைப் போடுங்கள். பாட்டைத் தொடங்குபவர் டேவிட் கவர்டேல். இங்கிலாந்தின் ரெட்கார் என்ற ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். குரல் தாழ்ந்தது, புகை படிந்தது. நடுவில் திடீரென்று இன்னொருவர் மேலே பாய்ந்து பாடுகிறார். அவர் கிளென் ஹியூஸ், பேஸ் வாசிப்பவரும் அவரே. ஒரே பாட்டில் இரண்டு குரல்கள் மாறிமாறி வந்தால் மார்க் 3 என்று பேனாவாலேயே எழுதலாம் (மார்க் 4-ஐப் பிறகு சொல்கிறேன், அங்கேதான் வழுக்கும்). இரண்டு குரல்களையும் பிரித்துக் கேட்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. ‘மிஸ்ட்ரீட்டட்’ கவர்டேல் மட்டும் பாடியது, ‘ஹோலி மேன்’ ஹியூஸ் மட்டும் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு ‘பர்ன்’ பாட்டுக்குத் திரும்புங்கள். எனக்கு ஓராண்டு பிடித்தது, அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

பேஸையும் கவனியுங்கள். குளோவர் பாட்டுக்குத் தூண் நடுகிறவர், ஹியூஸ் தூணைச் சுற்றி ஆடுகிறவர். அவருக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைமீது பித்து. 1974 இறுதியில் வந்த ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஆல்பத்தில் அந்த ஆட்டம் கூடிவிட்டது. பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. தான் விரும்பிய ஒரு பாட்டைக் குழு ஏற்காததால் அதை வேறு ஆட்களோடு பதிவு செய்தார். அதிலிருந்து ரெயின்போ என்ற குழு முளைத்தது, 1975-இல் இவர் விலகினார்.

மூன்றாவது மாலை இப்போது மார்க் 1-க்குப் போகலாம். 1968-இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்டு பகுதியில் கூடிய ஐவரில் பிளாக்மோர், லார்ட், பெய்ஸ் உங்களுக்குத் தெரிந்தவர்கள். குரல் ராட் எவன்ஸ், பேஸ் நிக் சிம்பர். குழுவின் பெயர் பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் தலைப்பு. ‘ஹஷ்’ பாட்டைக் கேட்டால் எவன்ஸின் குரல் வழவழவென்று, தலைவாரிப் பவுடர் போட்டதுபோல இருக்கும். அலறல் எங்கும் இல்லை. அது ஜோ சவுத் எழுதிய பாட்டு. அமெரிக்கத் தரவரிசையில் 4-ஆம் இடம்வரை போயிற்று. பீட்டில்ஸ், நீல் டயமண்ட் என்று பிறர் பாட்டுகளையும் இந்த அணி நிறையப் பாடியது. ஒரு டீப் பர்ப்பிள் பாட்டு 1960-களின் சட்டை போட்டிருந்தால் மார்க் 1 என்று முடிவு செய்யலாம், பெரும்பாலும் தவறாது.

அவர்கள் போன விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1969 கோடையில் எவன்ஸும் சிம்பரும் குழுவோடு மேடை ஏறிக்கொண்டிருக்கும்போதே, எபிசோட் சிக்ஸ் என்ற குழுவிலிருந்து வந்த கில்லனும் குளோவரும் லண்டனின் ஹான்வெல்லில் ஒரு சமுதாயக் கூடத்தில் மற்ற மூவரோடு ரகசியமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோட்டைப் பாருங்கள், முதல் மாற்றத்திலும் இரண்டாம் மாற்றத்திலும் குரலும் பேஸும்தான் சேர்ந்து போயிருக்கின்றன. புதிய அணி 1969 செப்டம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு லார்ட் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய கான்செர்ட்டோவை வாசித்தது. அடுத்த ஆண்டே ‘இன் ராக்’ ஆல்பத்தின் அட்டையில் ரஷ்மோர் மலையில் அமெரிக்க அதிபர்கள் இருந்த இடத்தில் தங்கள் ஐந்து முகங்களைச் செதுக்கிக்கொண்டார்கள். கல்லில் செதுக்கிய முகங்கள் மூன்றே ஆண்டுகள் தாங்கின.

இப்போது வழுக்கும் இடம். பிளாக்மோர் போனதும் டாமி போலின் என்ற அமெரிக்க இளைஞர் வந்தார். 1975-இல் ‘கம் டேஸ்ட் தி பேண்ட்’ என்ற ஒரே ஸ்டூடியோ ஆல்பம். குரல்கள் அதே கவர்டேல், ஹியூஸ். ஆகவே குரலை நம்பினால் மார்க் 3 என்று ஏமாறுவீர்கள், கிட்டாரைப் பிடிக்க வேண்டும். பிளாக்மோரின் தனி வாசிப்பில் மேற்கத்தியச் செவ்வியல் இசையின் படிக்கட்டுகள் கேட்கும், கோபமாக ஏறி இறங்குவார். போலின் ஜாஸ் பக்கமிருந்து வந்தவர், ஜாஸ் டிரம்ஸ்காரர் பில்லி காபமின் ‘ஸ்பெக்ட்ரம்’ ஆல்பத்தில் வாசித்தவர். அவர் கிட்டார் வளைந்து சறுக்கும். ‘கெட்டின் டைட்டர்’ பாட்டை ஒருமுறை கேட்டால் பிளாக்மோர் இதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார் என்று நீங்களே சொல்வீர்கள். பழைய ரசிகர்கள் பலர் இந்த ஆல்பத்தை மதிப்பதில்லை, எனக்கு அது பிடிக்கும். 1976 மார்ச்சில் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி முடிந்து குழு கலைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று போலின் போதைப்பொருளால் இறந்தார், வயது 25. கேசினோ எரிந்ததும் ஒரு டிசம்பர் 4-தான், ஐந்தாண்டுகளுக்கு முன்னால்.

நோட்டில் 1976-க்கும் 1984-க்கும் நடுவே ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள். அந்த இடைவெளியில் 1980 என்று தேதியிட்ட கச்சேரிப் பதிவு ஏதாவது கண்ணில் பட்டால் அது போலி. ராட் எவன்ஸை முன்னிறுத்தி, மற்றபடி சம்பந்தமே இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் மேடை ஏறினார்கள். வழக்கு நடந்து 6,72,000 டாலர் நஷ்டஈடு விதித்தது நீதிமன்றம். எவன்ஸ் பழைய பாட்டுகளுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியையும் இழந்து, பொதுவெளியிலிருந்தே மறைந்துவிட்டார்.

1984-இல் மார்க் 2 மீண்டும் கூடி ‘பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ தந்தது. அதன் தலைப்புப் பாட்டைத் தொடங்கும் ஆர்கனைக் கேட்டால் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1989-இல் கில்லனை நீக்கிவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்தார்கள். 1990-இல் வந்த ‘ஸ்லேவ்ஸ் அண்டு மாஸ்டர்ஸ்’ அட்டையில் ரெயின்போ என்று எழுதியிருந்தாலும் நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். ஒருமுறை கேளுங்கள், போதும். பிறகு கில்லன் திரும்பினார், அவருக்கும் பிளாக்மோருக்கும் பழைய புகைச்சலும் திரும்பியது. 1993 நவம்பரில் பர்மிங்ஹாமில் படமெடுத்த கச்சேரியில், முதல் பாட்டான ‘ஹைவே ஸ்டார்’ தொடங்கியும் பிளாக்மோரைக் காணோம். தன் தனி வாசிப்பு வரும் வேளையில் மேடைக்கு வந்து, ஒளிப்பதிவாளர்மேல் தண்ணீரை வீசுகிறார். அதே மாதம் ஹெல்சிங்கியில் வாசித்ததோடு நிரந்தரமாகப் போய்விட்டார். ஜப்பான் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றாகிவிட்டதால் அமெரிக்கக் கிட்டார்காரர் ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார். அவரைக் கிட்டார் கட்டத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போடுங்கள்.

1994-இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். கிட்டாரை மிக எளிதாக அடையாளம் காணக்கூடிய மாற்றம் இதுதான். சுரங்கள் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்தாற்போல வரும். 1996-இல் வந்த ‘பர்பெண்டிகுலர்’ ஆல்பத்தின் ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’ பாட்டில் தொடங்குங்கள். 28 ஆண்டுகள், பிளாக்மோரைவிட அதிக காலம், அந்த நாற்காலியில் அவர் இருந்தார். அப்படியும் 2016-இல் ராக் அண்ட் ரோல் கௌரவ மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது அவர் பெயர் இல்லை. முதல் மூன்று அணிகளிலிருந்து எட்டுப் பேரைச் சேர்த்தார்கள், அதிலும் சிம்பரை விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தப் பட்டியலை வைத்து நோட்டை நிரப்பாதீர்கள்.

2002-இல் லார்ட் விலகினார் (2012-இல் காலமானார்). அவர் இடத்துக்கு வந்த டான் ஏரி, ரெயின்போவிலும் ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னோடும் வாசித்தவர். ஹேமண்டின் உறுமலை விடாமல் வைத்துக்கொண்டார். இந்த ஒரு மாற்றத்தைக் காதால் மட்டும் பிடிப்பது கடினம், தேதியைப் பார்த்து எழுதினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஏரி முழுமையாகப் பங்கேற்ற முதல் ஆல்பம் 2003-இல் வந்த ‘பனானாஸ்’. அதன் கடைசித் துண்டு ‘காண்டாக்ட் லாஸ்ட்’, பாட்டு கிடையாது, மோர்ஸின் கிட்டார் மட்டும், இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறியபோது இறந்தவர்களுக்காக அவர் எழுதியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா இந்தக் குழுவின் ரசிகை. விண்வெளிக்குத் தன்னோடு ‘மெஷின் ஹெட்’, ‘பர்பெண்டிகுலர்’ குறுந்தகடுகளைக் கொண்டுபோயிருந்தார். ஒன்று பிளாக்மோர் வாசித்தது, மற்றது மோர்ஸ் வாசித்தது. இதைச் சொன்னதும் அண்ணன் மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. யார்தான் டீப் பர்ப்பிள் என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.

மனைவியின் உடல்நலத்துக்காக 2022-இல் மோர்ஸ் விலகினார். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த சைமன் மெக்பிரைடு வந்தார், 2024 ஆல்பத்தில் வாசிப்பவர் அவர்தான். பிளாக்மோரின் கடுப்பு இவரிடம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது, நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கிட்டார் கட்டத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.